ஆப்பிரிக்காவின் பி.டி. பயிர்கள்: ஜீனை மட்டும் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மரபணு மாற்றுப் பயிர் பற்றி விவாதம் கிளம்பும்போதெல்லாம் இரு தரப்பும் ஆப்பிரிக்காவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிடுகின்றன. 'புர்கினா ஃபாசோவில் பி.டி. பருத்தி தோற்றுப்போனது' என்கிறார் ஒருவர். (பி.டி. என்பது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியா; புழுவைக் கொல்லும் அதன் நச்சுப் புரத ஜீனை ஏற்றிய பயிர்தான் பி.டி. பயிர்.) 'நைஜீரியாவில் பி.டி. காராமணி ஜெயித்துவிட்டது' என்கிறார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் என்ன கோளாறு, எதனால் வந்தது, யாருக்கு நட்டம் என்ற விவரத்தை யாரும் சொல்வதில்லை. தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியும் இதற்கு விலக்கல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் புர்கினா ஃபாசோ. அங்கே 2008இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே பெரிய பரப்பில் விதைத்தார்கள். அது இரண்டு நச்சுப் புரதங்கள் கொண்ட, மான்சான்டோ என்ற அமெரிக்க விதைக் கம்பெனியின் பால்கார்ட் 2 வகை. அமெரிக்க ரகத்தை அப்படியே இறக்கவில்லை, உள்ளூர் ரகங்களுக்குள் ஜீனை ஏற்றித்தான் கொடுத்தார்கள். பருவத்துக்கு 6 முறை மருந்தடித்துக்கொண்டிருந்த இடத்தில் 2 முறை போதும் என்றானது. அந்த இரண்டும் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு. விளைச்சல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடியது. 2014 வாக்கில் நாட்டின் பருத்திப் பரப்பில் சுமார் 70 சதவீதம் பி.டி.யாக இருந்தது. 2016-17 பருவத்தில் அது பூஜ்யம். புழு எதிர்ப்புத்திறன் பெற்றதால் அல்ல, விவசாயிகள் வெறுத்ததாலும் அல்ல. பஞ்சின் இழை குட்டையாகிவிட்டது.

இதை நூற்பாலைப் பக்கம் இருப்பவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி கையால் பறிக்கப்படுவது. நீளமும் சீரும் இருந்ததால் உலகச் சந்தையில் அதற்குத் தனி விலை. நம்மூர் மில்களும் வாங்கும் பஞ்சுதான். இழை ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் அதே பேலை வைத்து முன்பு ஓட்டிய கவுன்ட்டை (நூலின் மென்மை அளவை) ஓட்ட முடியாது. அறுபடும், கழிவு கூடும். வாங்குகிறவர் ஒரு தரம் கீழே இறக்கித்தான் விலை பேசுவார். அத்தோடு அரவைத் திறனும் விழுந்தது. புர்கினாவின் பழைய ரகங்களில் 100 கிலோ விதைப்பருத்தியை (கொட்டையோடு பறித்த பருத்தியை) அரைத்தால் 42 கிலோவை ஒட்டிப் பஞ்சு கிடைக்கும். இதில் ஒரு புள்ளி குறைந்தாலே ஒவ்வொரு 1,000 டன் விதைப்பருத்திக்கும் 10 டன் பஞ்சு போகிறது. பஞ்சுக்குப் பதில் கூடுதலாகக் கொட்டை கிடைக்கும், ஆனால் கொட்டைக்கு என்ன விலை!

இந்தக் கோளாறு விவசாயிக்குத் தெரியாமலே போனதற்குக் காரணம் கொள்முதல் முறை. அங்கே விவசாயி விதைப்பருத்தியை எடை போட்டுப் பருத்திக் கம்பெனியிடம் கொடுத்துப் பணம் வாங்குகிறார். தரம் என்றால் வெள்ளையாக இருக்கிறதா, தூசு தும்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது. இழை நீளம் ஜின்னிங் (கொட்டை நீக்கும் அரவை) முடிந்து சோதனைக் கூடத்துக்குப் போன பிறகுதான் தெரியவரும். ஆகவே விளைச்சல் கூடிய லாபம் விவசாயிக்கு. இழை குறைந்த நட்டம் கம்பெனிக்கு. சோஃபிடெக்ஸ் உள்ளிட்ட மூன்று பருத்திக் கம்பெனிகளும் சேர்ந்து மான்சான்டோவிடம் 48.3 பில்லியன் சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்நாட்டு நாணயம்) இழப்பீடு கேட்டன. அதே நேரம் பி.டி. விதை இனி கிடைக்காது என்றதும் மறுபடி ஆறு முறை முதுகில் டேங்கைச் சுமக்க வேண்டியவர் விவசாயி. 'தோற்றது' என்ற ஒற்றைச் சொல்லில் இந்த இரண்டு முகங்களும் மறைந்துபோகின்றன.

இழை ஏன் குறைந்தது? பருத்தியில் எந்த ரகத்திலும் நினைத்தபடி ஜீனை ஏற்றிவிட முடியாது. ஜீன் ஏற்றிய செல்லிலிருந்து முழுச் செடியைத் திசு வளர்ப்பில் மீட்டெடுக்க வேண்டும்; அதற்கு ஒத்துழைப்பவை கோக்கர் 312 போன்ற சில பழைய அமெரிக்க ரகங்கள்தான். முதலில் அதில் ஏற்றி, பிறகு அந்தச் செடியை நமக்கு வேண்டிய ரகத்தோடு மகரந்தக் கலப்பு செய்வார்கள். வரும் வாரிசை மறுபடி நம் ரகத்தோடு, அதன் வாரிசை மறுபடி நம் ரகத்தோடு என்று திரும்பத் திரும்பக் கலப்பதற்குப் பெயர் பின்கலப்பு. முதல் கலப்பில் நம் ரகத்தின் பங்கு 50 சதவீதம். ஒரு பின்கலப்பில் 75, இரண்டில் 87.5, மூன்றில் 93.75, ஆறாவதில்தான் 99ஐத் தாண்டும். இது சராசரிக் கணக்கு. ஜீனுக்குப் பக்கத்தில் அதே குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருக்கும் அமெரிக்கத் துண்டு அவ்வளவு எளிதில் உதிராது. பாசனம் வைத்து ஆண்டுக்கு இரண்டு போகம் எடுத்தாலும் ஆறு பின்கலப்புக்கு மூன்று ஆண்டு. அதன்பின் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் ஜீன் நிலைத்த செடிகளைப் பிரித்தெடுக்க மேலும் இரண்டு தலைமுறை. இங்கேதான் அவசரப்படுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஜீன் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இழையை அளக்காமல் அடுத்ததற்கு நகர்ந்துவிட்டால், புழு சாகும் செடி கையில் இருக்கும், அதன் பஞ்சு வேறொரு ரகத்துப் பஞ்சாக இருக்கும்.

புர்கினாவில் பின்கலப்பு போதிய முறை செய்யப்படவில்லை என்பதுதான் பலரும் சொன்ன காரணம். ஜீனே இழையைக் கெடுத்திருக்குமோ என்ற சந்தேகமும் எழுந்தது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இதே பால்கார்ட் 2 ஆஸ்திரேலியாவில் நல்ல நீள இழை ரகங்களில் ஆண்டுக்கணக்கில் ஓடியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கதை இதற்கு நேர்மாறு. அங்கே ரகத்தில் குறையில்லை, புழு மாறிவிட்டது. ஆப்பிரிக்காவிலேயே நீண்ட நாளாகப் பி.டி. மக்காச்சோளம் விளைவிக்கும் நாடு அது; 2001இலிருந்து மனிதர் உண்ணும் வெள்ளை மக்காச்சோளமும் அதில் சேர்த்தி. ஆனால் அவர்கள் விதைத்த மான் 810 என்ற பி.டி. வகை உருவாக்கப்பட்டது ஐரோப்பிய, அமெரிக்க வயல்களின் தண்டுத் துளைப்பானுக்காக. ஆப்பிரிக்கத் தண்டுத் துளைப்பான் வேறு இனம். அதே புரதம் அதை அந்த அளவு கடுமையாகத் தாக்குவதில்லை. (நம் சோள வயலில் இருக்கும் புள்ளித் தண்டுத் துளைப்பான் ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போய்க் குடியேறியது. அது இன்றுவரை அங்கே பி.டி.யில் சாகிறது. உள்ளூர்ப் புழுதான் தப்பிவிட்டது.) எதிர்ப்புத்திறன் பெற்ற புழுக்கள் பற்றிய முதல் அறிக்கை 2007இல் வெளிவந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள 'புகலிடப் பயிர்' ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூற்றுக்கு 20 பங்கு நிலத்தில் பி.டி. அல்லாத மக்காச்சோளம் போட்டு அதில் மருந்தடித்துக்கொள்ளலாம். அல்லது 5 பங்கில் போட்டு மருந்தே அடிக்காமல் விட வேண்டும். தென்னாப்பிரிக்காவில் விதித்தது இது. பி.டி. வயலில் தப்பிப் பிழைக்கும் அபூர்வ அந்துப்பூச்சி, புகலிடத்தில் பெருகிய சாதாரணப் பூச்சியோடு கூடும். அவற்றின் குஞ்சுகளை பி.டி. கொன்றுவிடும் என்பது கணக்கு. இந்தக் கணக்கு பலிக்க இரண்டு நிபந்தனை. ஒன்று, நச்சின் அளவு அந்தக் கலப்புக் குஞ்சுகளையும் கொல்லும் அளவுக்கு இருக்க வேண்டும். இரண்டு, இரு வயல்களிலும் பூச்சி ஒரே சமயத்தில் வெளிவர வேண்டும். முதல் நிபந்தனையிலேயே தவறிவிட்டது: இந்தப் புழுவில் எதிர்ப்புத்திறன் ஓங்கு பண்பாக இறங்குகிறது என்று பின்னர் தெரிந்தது, அதாவது தாய் தகப்பனில் ஒன்றிடமிருந்து வந்தாலே குஞ்சு பிழைத்துவிடும். இரண்டாவதில் மனிதர்கள் தவறினார்கள். பி.டி.யைச் சுற்றுப் பாசனத்தில் போட்டுவிட்டு, புகலிடத்தை ஓரத்து மானாவாரியில் போட்டார்கள். ஈரப்பதம் மிகுந்த பாசன வயலைத்தான் அந்துப்பூச்சி முட்டையிடத் தேடும். புகலிடம் காலியாகக் கிடக்கும். பலர் ஆரம்ப ஆண்டுகளில் புகலிடமே போடவில்லை. நம் பருத்தி விதைப் பெட்டியில் 450 கிராம் பி.டி. விதையோடு வந்த 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் வரப்போரம் போனதை நினைத்துக்கொண்டால் அவர்களைக் குறை சொல்ல வாய் வராது.

சிறு விவசாயி மக்காச்சோளத்தில் விதை எடுத்து வைத்தால் நிலைமை இன்னும் சிக்கல். கலப்பின பி.டி. கதிரில் விளையும் மணிகளில் நாலில் ஒன்றுக்கு ஜீன் இருக்காது. பக்கத்து பி.டி. வயலின் மகரந்தம் விழுந்த சாதாக் கதிரிலோ சில மணிகளுக்கு மட்டும் இருக்கும். ஒரு கதிருக்குள் விஷ மணியும் சாதா மணியும் கலந்து இருந்தால் புழுவுக்கு அரைகுறை அளவு கிடைக்கிறது. கொல்லாத மருந்தைக் கொடுத்துப் பழக்குவது மாதிரிதான். பின்னர் இரண்டு புரதம் கொண்ட வகையைக் கொண்டுவந்து நிலைமையைச் சமாளித்தார்கள்.

இப்போது நைஜீரியாவின் காராமணிக்கு வருகிறேன். அங்கே அது நம் துவரம்பருப்பைப் போல அன்றாடப் பொருள். ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து எண்ணெயில் பொரித்தால் அகாரா. நம் வடைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம். அந்தப் பயிரின் பெரிய எதிரி புள்ளிக் காய்ப்புழு. மிக மோசமான இடத்தில் மகசூலில் 80 சதவீதம் வரை தின்றுவிடும். தாய்ப்பூச்சி பூமொட்டில் முட்டையிடுகிறது. பொரித்த புழு நேரே பூவுக்குள் புகுந்துகொள்ளும். வளர வளரப் பூ, காய், இலை மூன்றையும் நூலாம்படையால் சேர்த்துப் பின்னி அதற்குள் உட்கார்ந்து தின்னும். கைத்தெளிப்பானில் மேலாக அடிக்கும் மருந்து அந்தப் பின்னலுக்குள் எப்படிப் போகும்? அதனால்தான் ஒரு பருவத்துக்கு 6 முதல் 10 முறை வரை அடித்தார்கள், முகமூடியும் கையுறையும் இல்லாமல்.

பி.டி. காராமணியில் அந்தப் புழுவைக் கொல்லும் புரதம் பூவிலும் காயிலுமே இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் டி.ஜே. ஹிக்கின்ஸ் குழு ஜீனை ஏற்றியது. நைஜீரியாவின் சாரியா நகர அகமது பெல்லோ பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ரகமாக்கியது. ஆப்பிரிக்க வேளாண் தொழில்நுட்ப அறக்கட்டளை ஒருங்கிணைத்தது. ஜீனை மான்சான்டோ உரிமைத்தொகை இல்லாமல் கொடுத்தது. 2019இல் அனுமதி, 2021இல் விவசாயிகள் கைக்கு வந்தது. ரகத்தின் பெயர் சாம்பீ 20-டி (SAMPEA 20-T). இங்கேயும் ஜீன் முதலில் ஏறியது திசு வளர்ப்புக்கு இணங்கிய வேறொரு ரகத்தில்தான். அங்கிருந்து சுடுமல்லிக்கு (வேரை உறிஞ்சும் ஒட்டுண்ணிக் களை) தாக்குப்பிடிக்கும் உள்ளூர் ரகமொன்றுக்குப் பின்கலப்பில் கொண்டுபோனார்கள். புர்கினாவில் சறுக்கிய அதே படிக்கட்டு. காராமணியை விலைக்குக் கொடுப்பது எடையை வைத்தும் மணியின் நிறம், பருமனை வைத்தும்தான் என்பதால் விவசாயியே கண்ணால் பார்த்துத் தரத்தைச் சொல்லிவிட முடியும். இது ஒரு பெரிய வசதி. ஆனால் இந்த ரகத்தின் வெள்ளை மணி எல்லோருக்கும் பிடிக்காது. தென்மேற்கு நைஜீரியாவில் 'ஓலோயின்' என்று இனிப்பான பழுப்பு மணிக்குத்தான் கூடுதல் விலை. ஜீன் அந்த மணிக்குள்ளும் போக வேண்டும் என்றால் மறுபடி முதல் பின்கலப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த ரகத்தை விதைத்துவிட்டு 'பலிக்கவில்லை' என்று சொல்லும் வயலில் பெரும்பாலும் நடந்திருப்பது என்னவென்றால், பூச்சி வேறு. இந்தப் புரதம் அந்துப்பூச்சிப் புழுக்களை மட்டுமே கொல்லும். அசுவினி, இலைப்பேன், காயை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி எதையும் தொடாது. இலைப்பேன் மொட்டிலேயே சுரண்டிவிட்டால் மொட்டு பழுப்பாகி உதிரும். காயே பிடிக்காத செடியில் காய்ப்புழுவைத் தடுத்து என்ன பயன்? எனவே மொட்டு விடும் சமயத்தில் ஒரு முறை, காய் பிடித்தபின் நாவாய்ப்பூச்சிக்கு ஒரு முறை என இரண்டு தெளிப்பு அவசியம். 'மருந்தே வேண்டாம்' என்று சொல்லி விதையை விற்பவர் பயிருக்குத்தான் முதல் கேடு செய்கிறார். விளைச்சல் திறன் எக்டருக்கு 2.9 டன் என்று சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தனிப்பயிராக, வரிசைக்கு 75 செ.மீ., செடிக்கு 20 செ.மீ. போன்ற நெருக்கத்தில், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கொடுத்து எடுப்பது. வடக்கு நைஜீரியாவில் காராமணி பெரும்பாலும் சோளத்துக்கும் கம்புக்கும் ஊடுபயிர். செடி எண்ணிக்கையே பாதிதான். பி.டி. ஜீன் விளைச்சலைக் கூட்டுவதில்லை, புழு தின்னவிருந்ததை மிச்சம் பிடிக்கிறது. அறுவடைக்குப் பிறகு பயறு வண்டு. அதுவும் இந்தப் புரதத்துக்கு அசையாது. நன்கு காய்ந்த மணியை இரண்டு பாலித்தீன் உறைக்குள் போட்டுக் காற்றைப் பிதுக்கி ஒவ்வொன்றாக முறுக்கிக் கட்டி, வெளியே சாக்கில் வைக்கும் மூவடுக்குப் பை அங்கே பரவலாகக் கிடைக்கிறது. அதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து வண்டு செத்துவிடும். இதில் ஜீனும் இல்லை, மருந்தும் இல்லை.

காராமணி தன்மகரந்தப் பயிர். விவசாயி தன் விதையைத் தானே எடுத்து வைக்கலாம், ஜீன் விலகாது. நைஜீரியாவில் 2024இல் அனுமதித்த டெலா என்ற பி.டி. மக்காச்சோளத்தில் இது நடக்காது, அது கலப்பினம், ஆண்டுதோறும் விதை வாங்கியாக வேண்டும். பெருநிறுவனத்தின் பிடி என்ற வாதம் காராமணியில் வலுவிழக்கும் இடம் இதுதான். ஆனால் கையில் விதை இருப்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. களத்தில் அடிக்கும்போது பி.டி.யும் நாட்டு மணியும் கலந்துவிடும். சில பருவங்களில் வயலில் இரண்டும் கலந்து நிற்கும். சாதாச் செடியில் தின்று பருத்த புழு ஊர்ந்து பக்கத்து பி.டி. செடிக்குப் போனால் சாகாது. மேலே சொன்ன அரைகுறை அளவுப் பிரச்சினை இங்கேயும் வந்துவிடும்.

இன்றைக்கு இருக்கும் ரகத்தில் ஒரே ஒரு நச்சுப் புரதம்தான். தென்னாப்பிரிக்க அனுபவத்துக்குப் பிறகு ஒற்றைப் புரதத்தோடு வெளியிட்டது அவசரம் என்பது என் கருத்து. இரண்டாவது புரதத்தைச் சேர்க்கும் வேலை ஆய்வுக்கூடத்தில் நடந்திருக்கிறது. ஆனால் முதல் புரதத்துக்குப் புழு பழகிய பிறகு இரண்டாவதைச் சேர்த்தால் அதுவும் தனியாளாகவே சண்டை போட வேண்டியிருக்கும். நைஜீரியாவுக்கு ஒரு இயற்கைச் சாதகம் உண்டு. வறண்ட வடபகுதியில் கோடையில் இந்தப் பூச்சி தங்குவதில்லை. ஈரமான தெற்கில் காட்டுப் பயறுச் செடிகளிலும் மரங்களிலும் பெருகி, மழையோடு வடக்கே நகர்கிறது என்பது அங்கே ஆய்வு செய்தவர்களின் முடிவு. அந்தக் காடு விலையில்லாப் புகலிடம். தெற்கிலும் பி.டி. காராமணி பரவினால் இந்தச் சாதகம் எவ்வளவு நாள் நிற்கும் என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்கா காராமணியின் தாய்மண்ணும்கூட. காட்டுக் காராமணி வேலியோரம் வளர்கிறது. ஜீன் அதற்குள் போனால் திரும்ப எடுக்க முடியாது என்பவர்களின் கவலை நியாயமானது.

எதிர்ப்பாளர்களை மொத்தமாக 'அறியாமை' என்று ஒதுக்குவதும் தவறு. 2002 பஞ்சத்தில் ஜாம்பியா அமெரிக்காவின் மரபணு மாற்று மக்காச்சோள உதவியை மறுத்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்கம்பக்கத்து நாடுகள் சில 'மாவாக அரைத்துக் கொடுங்கள்' என்று வாங்கிக்கொண்டதை யாரும் சொல்வதில்லை. முழு மணி என்றால் அது விதை. பசித்தவர்கூட ஒரு பிடி எடுத்து மழைக்கு ஊன்றிவிடுவார். மாவு முளைக்காது.

நைஜீரியாவுக்கு அடுத்து கானாவும் 2024இல் பி.டி. காராமணியை வெளியிட்டுவிட்டது. இனி அங்கே ஒவ்வொரு பருவமும் செய்ய வேண்டிய வேலை பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. பூக்கும் பருவத்தில் வயலின் நடுவில், வரப்போரத்தை விட்டு, 20 செடிகளைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பூவைப் பிரித்து உள்ளே புழு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்தச் செடியின் இலையில் ஒரு சிறு துண்டைக் கிள்ளி, குப்பியில் கரைசலோடு நசுக்கி, பி.டி. புரதம் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை அதில் நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்துக்குள் ஒரு கோடு மட்டும் வந்தால் அது சாதாச் செடி, விதை கலந்துவிட்டது, அடுத்த பருவத்துக்குப் புது விதை வாங்கச் சொல்லலாம். இரண்டு கோடு வந்து, புழுவும் ஒன்றிரண்டு அல்லாமல் சிறிதும் பெரிதுமாக அந்தச் செடியிலேயே வளர்ந்துகொண்டிருந்தால், அந்தப் புழுக்களை அன்றைக்கே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதை யாருக்கு, எந்த எண்ணில் சொல்வது என்று விதைப் பையின் மீது அந்த ஊர் மொழியில் அச்சடித்திருக்கிறதா என்பதைத்தான், ஆதரவாளரிடமும் எதிர்ப்பாளரிடமும், நான் முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புத் துறை வாசகர் ஒருவர்,
கோயம்புத்தூர்